பாஸ் பீர் ஆலையின் பழம்பொருள்களை வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷையர் மாவட்டத்தில், பர்ட்டன் அபான் ட்ரென்ட் நகரில் வில்லியம் பாஸ் 1777இல் தொடங்கிய பீர் ஆலை, ஜிப்சம் மிகுந்த அவ்வூர்க் கிணற்று நீரின் துணையாலும், அதே ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட ட்ரென்ட்–மெர்சி கால்வாயின் வழியாகத் துறைமுகங்களுக்குக் கிடைத்த தொடர்பாலும், நூறே ஆண்டுகளில் உலகின் மிகப் பெரிய பீர் ஆலையாக வளர்ந்தது. அது விட்டுச்சென்ற பப் எனப்படும் மதுக்கடைகளின் சுவரில் மாட்டிய விளம்பரக் கண்ணாடிகளையும், புட்டிகளையும், லேபிள்களையும், விளம்பரப் பலகைகளையும் தேடி வரும் புதியவர்கள், தொடக்க நாள்களில் சேகரிப்போராகிய எங்களில் பலர் செய்த அதே பிழைகளைச் செய்வதைச் சந்தைதோறும் பார்க்கிறேன். விரிசலைப் பார்க்காமல் வாங்குவது, ரசீது கேட்க மறப்பது போன்றவை யாருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

1777 என்ற எண்ணைப் பொருளின் வயதாகக் கொள்வது

பெரும் பணத்தை விழுங்கும் தவறு இதுவே. பாஸ் நிறுவனம் தான் தொடங்கப்பட்ட ஆண்டைத் தன் விளம்பரங்களில் பெருமையுடன் அச்சிட்டது; ஆகவே அந்த எண்ணைக் கொண்ட பொருள் எந்தக் காலத்தில் செய்யப்பட்டதாகவும் இருக்கலாம். பாஸின் சின்னமான சிவப்பு முக்கோணமும் தனியாக எதையும் உறுதி செய்வதில்லை. 1875ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிரிட்டனில் முதலாவதாகப் பதிவு செய்யப்பட்ட வணிகச் சின்னம் அது என்பது உண்மை. பதிவு நடைமுறைக்கு வந்த நாள் 1876 ஜனவரி 1. ஆனால் அந்தச் சின்னம் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது.

அண்மையில் ஓர் இளைஞர், விக்டோரியா காலத்துப் (1837–1901) பப் ஒன்றிலிருந்து கழற்றியது என்ற நம்பிக்கையில் பெருந்தொகை கொடுத்து வாங்கிய பாஸ் கண்ணாடியை மிகுந்த மகிழ்ச்சியோடு என்னிடம் கொண்டுவந்தார். திருப்பிப் பார்த்தபோது பின்பலகை, மரநாரை அழுத்திச் செய்யும் ஹார்ட்போர்டாக இருந்தது. விக்டோரியா காலத்தில் அப்பலகை புழக்கத்திலேயே இல்லை. பென்சில் முனையைக் கண்ணாடியின் மேல் வைத்தால், முனைக்கும் அதன் பிம்பத்திற்கும் இடையே தெரியும் இடைவெளி கண்ணாடியின் தடிமனைக் காட்டும்; அங்கே இடைவெளி மிகக் குறைவு, அதாவது பழையவற்றைப் போலத் தடித்த கண்ணாடி அல்ல அது. பழைய கண்ணாடிகளில் அமிலத்தால் அரித்தும் பொன் தகடு ஒட்டியும் உருவாக்கப்பட்ட எழுத்துகள், இதில் ஒரே சீரான அச்சு வண்ணமாக இருந்தன. 1970களில் வீட்டு அலங்காரத்திற்காக இத்தகைய கண்ணாடிகள் ஏராளமாகச் செய்யப்பட்டன. விற்றவர் பொய் எதுவும் சொல்லவில்லை. "பாஸ் கண்ணாடி, 1777" என்று மட்டும் எழுதி வைத்து, மீதியை வாங்குபவரின் ஆசைக்கு விட்டுவிட்டார். இந்த உத்தி இன்னும் பலிக்கிறது என்பதே எனக்குக் கோபமூட்டுகிறது.

நம்பத்தக்க சான்று நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. "பாஸ், ராட்க்ளிஃப் அண்டு கிரெட்டன்" என்ற பழைய பெயருடன் "லிமிடெட்" என்ற சொல் சேர்ந்தது 1880களில். பர்மிங்காமின் மிட்செல்ஸ் அண்டு பட்லர்ஸ் பீர் ஆலை 1961இலும், லண்டனின் சாரிங்டன் பீர் ஆலை 1967இலும் இணைந்தபோது பெயர் மீண்டும் மாறியது. ஆகவே, "பாஸ் சாரிங்டன்" என்று அச்சிட்ட சாம்பல் கிண்ணம் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் 1967க்கு முந்தியதாக இருக்க முடியாது. ஆலையின் இருநூறாம் ஆண்டான 1977ஐ ஒட்டி வந்த நினைவுப் பொருள்களும் பல. "1777" என்ற எண்ணுக்கு அருகில் "1977" இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

அறியாத பெயர் இருப்பதால் லேபிளை ஒதுக்குவது

பாஸ் தன் பீரின் பெரும்பகுதியைப் பீப்பாய்களில் அனுப்பியது. புட்டிகளில் அடைத்தவர்கள் ஊர்தோறும் இருந்த வணிகர்கள். அதனால் முக்கோணம் போட்ட லேபிளில் வேறொரு வணிகரின் பெயரும் ஊரும் காணப்படுவது இயல்பே. அதைப் போலி என்று எண்ணித் தள்ளியவர்களை நான் அறிவேன். உண்மையில் லேபிளுக்கு மதிப்புக் கூட்டுவதே அந்தப் பெயர்தான்; மறைந்துபோன ஒரு சிற்றூர்க் கடையின் சுவடு சில வேளைகளில் அந்தத் தாளில் மட்டுமே எஞ்சியிருக்கும். புட்டியில் ஒட்டியிருக்கும் லேபிளை நீரில் ஊறவைத்து உரிக்காதீர்கள்; புட்டியும் லேபிளும் சேர்ந்திருப்பதே முழுமையான பொருள்.

விக்டோரியா காலத்துப் பீர் அட்டை

வாங்காதீர்கள். கோப்பைக்கு அடியில் வைக்கும் இந்த அட்டைகள் பிரிட்டனில் பரவியது 1920களுக்குப் பிறகே.

எனாமல் பலகைக்குப் புதுச்சாயம் பூசுவது

கூடாது.

கிங்ஸ் ஏல் புட்டியைத் துடைத்துப் பளபளப்பாக்குவது

ஏழாம் எட்வர்ட் மன்னர் 1902இல் பர்ட்டன் ஆலைக்கு வந்து தாமே தொடங்கிவைத்த பீர் இது. அடைப்புக் குலையாத புட்டிகள் இன்றும் ஏலத்திற்கு வருகின்றன. இவற்றை வாங்குபவர் முதலில் பார்ப்பது கார்க்கும் அதன் மேலுள்ள முத்திரையும், பிறகு உள்ளே பீர் நிற்கும் மட்டமும். ஈரத்துணியும் பாலிஷும் முதலில் அழிப்பது அந்த முத்திரையைத்தான். தூசு மிகுந்திருந்தால், உலர்ந்த மென்தூரிகையால் புட்டியின் உடல் பகுதியை மட்டும் தட்டிவிட்டு, கழுத்துக்கு மேல் கை வைக்காமல் விட்டுவிடுங்கள்.