செல்டன்ஹாம் குதிரைப் பந்தயத்துக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு

இங்கிலாந்தில் க்ளாஸ்டர் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு மார்ச் மாதம் என்றாலே ஒரு தலைவலி உண்டு. நடு மாதத்தில் செவ்வாய் முதல் வெள்ளி வரை ரோடு முழுக்க கார், ரயில் முழுக்க ட்வீட் கோட். செல்டன்ஹாம் ஃபெஸ்டிவல். நான் ஆஸ்பத்திரி ஃபார்மஸியில் வேலை செய்கிறேன். வார்டில் வேலை பார்க்கும், அயர்லாந்தின் லிமரிக் ஊர்த் தோழி ஒருத்தி அந்த வாரத்துக்கென்றே வருஷ லீவை ஒதுக்கி வைப்பாள். அவள் பின்னால் போய்த்தான் நானும் இதில் மாட்டினேன். திருச்சியில் இருக்கும் அம்மாவிடம் சொன்னபோது, "ஏண்டி, உங்க தாத்தா கிண்டியில விட்டது போதாதா?" என்றாள். போதும்தான். ஆனால் காசு விடாமலும் ரேஸ் பார்க்கலாம், அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு நாளைக்கு ஏழு ரேஸ், நான்கு நாளில் 28. இரண்டு மைல் ஹர்டில் ரேஸ், அதாவது தாழ்வான தடைகளைத் தாண்டி ஓடுவது, நான்கு நிமிஷத்தில் முடிந்துவிடும். கடைசி நாள் நடக்கும் பெரிய ரேஸான கோல்ட் கப் மூன்றே கால் மைலுக்குக் கொஞ்சம் மேல், அதற்கு ஆறரை நிமிஷத்துக்கு மேல் ஆகும். ஏழையும் கூட்டினால் குதிரை ஓடும் நேரம் சுமார் 35 நிமிஷம். 2025இல் முதல் ரேஸ் 1:20க்கு, பிறகு நாற்பது நிமிஷத்துக்கு ஒன்று, கடைசி 5:20க்கு. ரேஸுக்கும் ரேஸுக்கும் நடுவில் கிடைக்கும் முப்பத்தைந்து நிமிஷத்தை எங்கே கழிக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பாதிக்கூட்டம் அதை பியர் வரிசையில் கழிக்கிறது.

எந்த நாள் போவது? நான்கு நாளும் போகாதீர்கள், காலும் தாங்காது, பர்ஸும் தாங்காது. வெள்ளிக்கிழமை கோல்ட் கப், பேர் பெற்ற நாள், நெரிசலும் அன்றுதான். வியாழன் புனித பேட்ரிக் பெயரில் நடப்பது, பாதி அயர்லாந்து அங்கே இருக்கும். முதல் தடவைக்கு என் ஓட்டு செவ்வாய்க்கு. ஹர்டில் ரேஸ்களில் பெரியதான சாம்பியன் ஹர்டில் அன்றுதான். அதோடு முதல் ரேஸ் கிளம்பும் நொடியில், ஒரு வருஷம் காத்திருந்த கூட்டம் மொத்தமும் ஒரே குரலில் கத்தும். அந்தச் சத்தத்துக்குப் பெயரே உண்டு, செல்டன்ஹாம் ரோர் என்பார்கள். ஒரு மணிக்கே இடம் பிடித்து நின்றால்தான் அது முழுசாகக் கிடைக்கும். கூட்டம் ஆகாது என்பவர்கள் புதன் போகலாம். 2025 புதன்கிழமை 42,000 பேர்கூட வரவில்லை, வெள்ளியோடு ஒப்பிட்டால் அது காலி மைதானம்.

டிக்கெட்டில் மூன்று தரம். கிளப், டாட்டர்சால்ஸ், பெஸ்ட் மேட். பெஸ்ட் மேட்தான் விலை குறைவு. ஆனால் அது பாதைக்கு அந்தப் பக்கம், ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிறது. குதிரைகளை நடத்திக் காட்டும் பேரேட் ரிங்குக்கு அந்த டிக்கெட்டில் வர முடியாது. குதிரையைக் கிட்டத்தில் பார்க்காமல் ரேஸுக்குப் போவதற்கு வீட்டில் டிவி போட்டுவிடலாம். டாட்டர்சால்ஸ் எடுங்கள். கிளப் கோட்டு சூட்டுக்காரர்களுக்கு, நமக்கு அதில் பெரிய கூடுதல் லாபம் இல்லை. எதுவானாலும் சீக்கிரமே ஆன்லைனில் வாங்கிவிடுங்கள், நாள் நெருங்க நெருங்க விலை ஏறும்.

லண்டனிலிருந்து வருபவர்கள் பாடிங்டனில் ஏறினால் செல்டன்ஹாம் ஸ்பா ஸ்டேஷன் சுமார் இரண்டு மணி நேரம். மேப்பில் ரேஸ்கோர்ஸை ஒட்டியே இன்னொரு ஸ்டேஷன் தெரியும், அதை நம்பி டிக்கெட் தேடாதீர்கள். அது பிராட்வே வரை போகும் பழைய நீராவி ரயில் பாதை, பெரிய லைனோடு சேராது. ஸ்பா ஸ்டேஷனிலிருந்து ரேஸ்கோர்ஸுக்கு பஸ் விடுவார்கள். நடப்பவர்களுக்கு, ஸ்டேஷன் பக்கத்திலேயே ஹனிபோர்ன் லைன் என்று ஒரு நடைபாதை தொடங்குகிறது. ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடம், ஊரின் வடக்குப் பக்கம் வரை கொண்டுபோய் விடும். அங்கிருந்து கூட்டத்தோடு கூட்டமாகப் போனால் வழி கேட்க வேண்டாம். தங்குவதற்கு செல்டன்ஹாமில் அறை தேடிக் காசைக் கரைக்க வேண்டாம். க்ளாஸ்டர் பத்து நிமிஷ ரயில்தான். வூஸ்டர், பர்மிங்ஹாமும் பரவாயில்லை.

உடை விஷயத்தில் கட்டாய விதி எதுவும் கிடையாது, ட்வீட் வெறும் பழக்கம்தான். விதி போடுவது வானிலை. ஒரே மதியத்தில் வெயில், ஆலங்கட்டி, க்ளீவ் ஹில் பக்கமிருந்து காற்று, மூன்றும் வரும். 2008இல் காற்று தாங்காமல் புதன்கிழமை ரேஸ்களையே நிறுத்தி மற்ற இரண்டு நாளில் நடத்தினார்கள். புடவை கட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாக. உள்ளே தெர்மல், மேலே நீளக் கோட், காலில் தட்டை அடி பூட்ஸ், முந்தானைக்கு இரண்டு பின் கூடுதல். ஹை ஹீல்ஸ் மட்டும் வேண்டாம், மூன்றாவது ரேஸுக்குள் புல்தரை அதை விழுங்கிவிடும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். உள்ளே விலை அப்படி. 2025இல் ஒரு பைண்ட் கின்னஸ் பியர் 7 பவுன் 80 பென்ஸ்.

இனி முக்கியமான சங்கதி, ரேஸுக்கும் ரேஸுக்கும் நடுவில் நீங்கள் போக வேண்டிய சுற்று. ஒரு ரேஸ் முடிந்ததும் கூட்டம் பாருக்குப் போகும். நீங்கள் பேரேட் ரிங்குக்குப் போங்கள். ஜெயித்த குதிரை கூட்டத்தின் நடுவே இருக்கும் நடைவழியில் திரும்பி வரும். படிப்படியாக ஏறும் நின்று பார்க்கும் இடங்கள் சுற்றிலும் இருக்கின்றன. குதிரையின் உடம்பிலிருந்து ஆவி எழும், ஆட்கள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார்கள், ஜாக்கி முகம் முழுக்கச் சேறு. அயர்லாந்துக் குதிரை என்றால் ஆரவாரம் கொஞ்ச நேரத்தில் அடங்காது. பிறகு அந்த இடத்தை விடாதீர்கள். அடுத்த ரேஸ் குதிரைகள் அங்கேதான் நடக்க வரும்.

நடையைப் பார்க்க என் தோழி சொல்லித் தந்தது இது. பின்னங்கால் குளம்பு முன்னங்கால் விட்ட தடத்தைத் தாண்டி விழுகிறதா, தோள் தளர்ந்து ஆடுகிறதா, தோல் மினுங்குகிறதா. கழுத்திலும் தொடையிடுக்கிலும் வெள்ளையாக நுரை தள்ளியிருந்தால் ரேஸுக்கு முன்பே சக்தி கரைகிறது என்று அர்த்தம். சில குதிரைகளுக்குத் தலையை மூடிக் காது அடைக்கும் உறை போட்டிருப்பார்கள், அது சத்தத்துக்குப் பயப்படும் பிறவி. ஒரு குதிரையை இரண்டு பேர் பிடித்து நடத்தினால் அதற்கும் காரணம் இருக்கும். இதையெல்லாம் பார்த்துத் தேர்ந்தெடுத்த குதிரை தோற்கும், அது வேறு விஷயம். ஆனால் அது ஓடும்போது உங்களுக்கு அது ஒரு நம்பராக இருக்காது.

ஜாக்கிகள் ஏறியதும் கிளம்புங்கள். கழிப்பறை வரிசை மிகக் குறைவாக இருப்பது குதிரைகள் ஸ்டார்ட்டுக்குப் போகும் அந்த ஐந்து நிமிஷம்தான்.

ரேஸ் கார்டு கட்டாயம் வாங்குங்கள். குதிரைப் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் எண்கள் பழைய ரேஸ்களில் எத்தனையாவதாக வந்தது என்பது, வலது ஓரம் இருப்பதுதான் கடைசியாக ஓடியது. எஃப் இருந்தால் விழுந்தது, யு இருந்தால் ஜாக்கியைத் தள்ளிவிட்டது, பி இருந்தால் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஜாக்கி போடுவது குதிரை முதலாளியின் நிறம். அந்த உடையின் நிறத்தை வைத்துக் குதிரையைக் கண்டுபிடிக்கும்போது ஒரு எச்சரிக்கை. நிறையக் குதிரை வைத்திருக்கும் ஜே. பி. மக்மேனஸின் பச்சையும் தங்கமும் கலந்த பட்டை உடையை ஒரே ரேஸில் இரண்டு மூன்று ஜாக்கிகள் போட்டிருப்பார்கள். தொப்பி நிறத்தைப் பாருங்கள், அது மட்டும்தான் மாறும். 2025 கோல்ட் கப்பை ஜெயித்த ஐநோதவேயூர்திங்கின் அவர் குதிரைதான். பெயரைச் சேர்த்துப் படிக்கத் திணறினால் கவலை வேண்டாம், பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரரும் திணறினார்.

பந்தயம் கட்டுவது பற்றி. கட்டாமலே இருக்கலாம். கட்டுவதென்றால் காலையில் ஒரு தொகையைத் தாளாக எடுத்துத் தனிப் பாக்கெட்டில் வையுங்கள், அது காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான், கார்டைத் தொடக் கூடாது. ஸ்டாண்டுக்கு முன்னால் பந்தயப் பணம் வாங்கும் புக்கிகள் வரிசையாகப் பலகை வைத்து நிற்பார்கள். உழவர் சந்தையில் தக்காளி விலை கேட்கிற மாதிரி ஒரு நடை நடந்துவிட்டு வாங்குங்கள். ஒருவர் பலகையில் எட்டுக்கு இருக்கும் குதிரை, அதாவது ஜெயித்தால் ஒரு பவுனுக்கு எட்டு பவுன் லாபம் தருவது, நாலு பலகை தள்ளி ஒன்பதுக்கு இருக்கும். "ஈச் வே" என்றால் இரண்டு பந்தயம், ஜெயிப்பதற்கு ஒன்று, முன்வரிசையில் வருவதற்கு ஒன்று. ஐந்து பவுன் ஈச் வே என்று சொன்னால் பத்து பவுன் கேட்பார்கள். பத்துக்கு ஒன்று விலையில், முன்வரிசைக்கு அந்த விலையில் ஐந்தில் ஒரு பங்கு கொடுக்கும் புக்கியிடம் குதிரை மூன்றாவதாக வந்தால் கைக்கு வருவது 15 பவுன், அதாவது ஐந்து பவுன் லாபம். எத்தனை இடம், எத்தனை பங்கு என்பதைப் பலகையிலேயே எழுதியிருப்பார்கள், படித்துவிட்டுக் கொடுங்கள். ரேஸ் முடிந்து "வெயிட் இன்" என்று அறிவிக்கும் வரை சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஜாக்கிகளை மறுபடி எடை போட்டு முடிவு உறுதியான பிறகுதான் காசு கிடைக்கும்.

எங்கே நின்று பார்ப்பது? ஒரு ரேஸையாவது ஸ்டாண்டின் மேல்படியிலிருந்து பாருங்கள், பைனாகுலர் இருந்தால் கொண்டு வாருங்கள். மைதானம் முழுவதும் அங்கிருந்துதான் புரியும். தூரத்துக் கோடியில் மேடேறி, அங்கிருந்து சரிவில் வேகமாக இறங்கி, இடது பக்கம் திரும்பி, கடைசித் தடையைத் தாண்டி, பிறகு ஃபினிஷ் வரை மறுபடி ஏற்றம். அந்தக் கடைசி ஏற்றத்தில்தான் முன்னால் வந்த குதிரை நிற்கிற மாதிரி ஆகிவிடும், பின்னால் வந்தது எட்டிப் பிடிக்கும். கடைசித் தடை தாண்டியதும் "ஜெயித்துவிட்டது" என்று சொல்கிறவர்கள் செல்டன்ஹாமுக்குப் புதுசு.

இன்னொரு ரேஸைக் கடைசித் தடைக்குப் பக்கத்தில், கம்பியை ஒட்டி நின்று பாருங்கள். குதிரை வருவதற்கு முன்னால் தரை அதிரும். ஹர்டில் மூன்றரை அடி, தட்டினால் சாய்ந்து கொடுக்கும், குளம்பு பட்டால் மரம் முறிகிற மாதிரி டக்கென்று சத்தம். ஃபென்ஸ் குறைந்தது நாலரை அடி, குச்சிகளை இறுக்கிக் கட்டியது, அது எளிதில் வழிவிடாது. 2025 சாம்பியன் ஹர்டிலை நான் அந்தப் பக்கம் நின்றுதான் பார்த்தேன். எல்லாரும் ஜெயிக்கும் என்று நம்பிய கான்ஸ்டிட்யூஷன் ஹில் நடுவிலேயே விழுந்துவிட்டது. சரி, இனி ஸ்டேட் மேன்தான் என்று எல்லாரும் கத்தத் தொடங்கியபோது, தனியாக முன்னால் வந்த அது கடைசி ஹர்டிலில் தடுக்கி மூக்குக் குப்புற விழுந்தது. பின்னால் வந்த கோல்டன் ஏஸ் அதைத் தாண்டிப் போய் ஜெயித்தது, இருபத்தைந்துக்கு ஒன்று விலையில். என் பக்கத்தில் நின்ற பெரியவர் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார். விழுந்த இரண்டு குதிரைகளும் எழுந்து நடந்தன.

எப்போதும் அப்படி நடப்பதில்லை, இதையும் சொல்லியாக வேண்டும். சில நாள் ஒரு குதிரை எழுந்திருக்காது. அதைச் சுற்றி பச்சைத் திரை பிடிப்பார்கள், உள்ளே மிருக டாக்டர்கள் இருப்பார்கள். திரை வந்துவிட்டாலே செத்துவிட்டது என்று அர்த்தமில்லை, சில குதிரைகள் திரைக்குப் பின்னாலிருந்து நடந்து வந்ததும் உண்டு. போனை எடுத்துப் படம் பிடிக்காதீர்கள். இந்த விளையாட்டே வேண்டாம் என்று சொல்கிறவர்கள் இங்கேயும் நிறைய, அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போவதா என்பதை இதை மனதில் வைத்து முடிவு செய்யுங்கள்.

வெள்ளி போகிறவர்களுக்கு ஒன்று. கோல்ட் கப் முடிந்ததும் பாதிப்பேர் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் இருங்கள். அடுத்து வரும் ஹண்டர்ஸ் சேஸ் அதே தூரம், அதே தடைகள், ஆனால் ஓட்டுகிறவர்கள் அமெச்சூர்கள், வேறு வேலை பார்த்துக்கொண்டு ஆசைக்குக் குதிரை ஓட்டுகிறவர்கள் பலர். கம்பி ஓரம் இடம் தாராளமாகக் கிடைக்கும்.

கூட வந்தவர்களைத் தொலைத்துவிட்டால் பேரேட் ரிங் பக்கத்தில் ஆர்க்கிள் சிலை இருக்கிறது, 1964 முதல் 66 வரை மூன்று வருஷம் தொடர்ந்து கோல்ட் கப் எடுத்த குதிரை. அங்கே சந்திப்போம் என்று காலையிலேயே பேசி வையுங்கள்.

கடைசி ரேஸ் முடிந்ததும் ஓடாதீர்கள். பஸ் வரிசை, கார் வரிசை, ஸ்டேஷன் வரிசை எல்லாம் ஒரே நேரத்தில் நிரம்பும். ஒரு மணி நேரம் ஊர்ப் பக்கம் மெதுவாக நடந்து, ஏதாவது சூடாகச் சாப்பிட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போங்கள். ஏழு மணிக்கு மேல் போகும் ரயிலுக்கு டிக்கெட் எடுத்து வைப்பது நல்லது. ஆறு மணி வண்டியில் நின்றுகொண்டே போனவர்களைக் கேட்டால் ஏன் என்று சொல்வார்கள்.