மூளை ஆபரேஷனுக்குப் பின் தொற்று: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீடு திரும்பிய இரண்டாவது வாரம் காய்ச்சல், தலைவலி, வாந்தி. உசிலம்பட்டி, மேலூர் பக்கம் பலரும் முதலில் போவது மெடிக்கல் ஷாப்புக்குத்தான். தலையில் ஆபரேஷன் ஆனவர் என்று சொல்லாமலே மூன்று நாளைக்கு ஆன்டிபயாட்டிக் வாங்கிவிடுகிறார்கள். இருப்பதிலேயே பெரிய தவறு இது.

பல மாத்திரைகள் ரத்தத்திலிருந்து மூளைக்குள் போதுமான அளவு போவதில்லை. அதனால் தொற்று தீராது. ஆனால் கல்ச்சரில் (எந்தக் கிருமி என்று அறிய அதை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கிருமி வளராமல் போகலாம். பிறகு முதுகில் ஊசி குத்தி மூளைநீர் (மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியுள்ள நீர்) எடுத்தாலும் ‘வளர்ச்சி இல்லை’ என்று வரும். தோலில் இருந்த ஸ்டெஃபிலோகாக்கஸா, ஐசியூவில் தொற்றிய அசினெட்டோபாக்டரா என்று தெரியாமல், எல்லாவற்றுக்கும் சேர்த்தே மருந்து ஏற்றவேண்டி வரும். ஸ்கேன் பார்த்து, நீர் எடுத்து, அதன்பின் மருந்து என்பதே முறை. அதற்குத் தாமதமாகுமென்றால், அல்லது நோயாளி மயங்குகிறார் என்றால், காத்திருக்கக் கூடாது: ரத்தக் கல்ச்சர் எடுத்த கையோடு வேன்கோமைசின், மெரோபெனம் போன்ற ஆன்டிபயாட்டிக் ஊசிகளைத் தொடங்கிவிட வேண்டும்.

மெரோபெனம் என்றதும் ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள்: நோயாளி வலிப்புக்கு வால்புரோயேட் சாப்பிடுகிறாரா? மெரோபெனம் ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் வால்புரோயேட்டின் அளவை வெகுவாக இறக்கிவிடும். டோஸைக் கூட்டியும் பயனிருக்காது. லெவடிராசெட்டம் போல வேறு மருந்து வேண்டும். கவனிக்காமல் விட்டால் நின்றிருந்த வலிப்பு திரும்ப வரும்.

குனிந்தால் மூக்கில் தெளிந்த நீர் சொட்டுகிறதா, தொண்டையில் உப்புக் கரிக்கிறதா? சளி என்று விடாதீர்கள், மூளைநீர் கசிவாக இருக்கலாம். பஞ்சு திணிப்பதும் மூக்கைச் சிந்துவதும் கூடாது. தையலில் மஞ்சள், தேங்காய் எண்ணெய், விபூதி எதுவும் வேண்டாம்.

டெக்ஸாமெத்தசோன் (மூளை வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மாத்திரை) சாப்பிடுகிறவருக்குக் காய்ச்சலே இல்லாமலும் தொற்று இருக்கலாம். பேச்சுக் குழறல், தூக்கக் கலக்கம் இருந்தாலே கிளம்புங்கள். அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

ஷன்ட் குழாயில் (மூளையில் தேங்கும் நீரை வடிக்க உள்ளே வைக்கும் குழாய்) தொற்று என்றால் மருந்து மட்டும் பெரும்பாலும் போதாது. குழாயை எடுத்து, தற்காலிக வெளிக்குழாய் வைத்து, நீர் சுத்தமானபின் புதிது பொருத்துவார்கள். இன்னொரு ஆபரேஷனா என்று மறுப்பது ஆபத்து. காய்ச்சல் விட்டதும் கையெழுத்துப் போட்டு வீட்டுக்குப் போவதும் அப்படித்தான். மூளைச்சவ்வுத் தொற்றுக்கு 10 முதல் 14 நாள், சில கிருமிகளுக்கு 21 நாள், சீழ்க்கட்டிக்கு 6 முதல் 8 வாரம் மருந்து தேவை.

108-ஐ அழைக்கும்போதே தலை ஆபரேஷன் ஆனவர் என்று சொல்லி, நரம்பு அறுவைப் பிரிவு உள்ள மதுரை மருத்துவமனைக்குக் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு, மாத்திரை அட்டைகள், பழைய ஸ்கேன் படம் மூன்றும் கையில் இருக்கட்டும்.