ரூட் கேனால் செய்த முன்பல் கருக்காமல் இருக்க, தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கல்யாணத்துக்கும் முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் வெளியூரிலிருந்து வருகிறவர்கள், கிடைத்த ஒரு வாரத்தில் பல் வைத்தியத்தையும் முடித்துக்கொள்ளப் பார்ப்பார்கள். முன்பல்லில் இந்த அவசரம் கூடாது. வலி அப்போதே போய்விடும், நிறம் மாறுவது பல மாதம் கழித்துத்தான் தெரியும்.

"ரூட் கேனால் பண்ணினால் பல் கருக்கத்தான் செய்யும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை அப்படியே நம்பிவிடுவதுதான் பெரிய தவறு. பெரும்பாலும் இதைத் தடுக்கலாம். வேருக்குள் அடைக்கும் கட்டா பெர்ச்சாவும், அதை ஒட்டவைக்கும் சீலர் பசையும் வேரோடு நிற்க வேண்டியவை. ஈறுக்கு மேலே தெரியும் பகுதியில் அவை மிஞ்சிவிட்டால், உள்ளிருந்து நிறம் எனாமல் வழியாகத் தெரியும். வெள்ளி கலந்த பழைய வகைச் சீலர் என்றால் சாம்பல், கறுப்பு வரை போகும். அதனால் அடைப்பை ஈறு மட்டத்துக்குக் கீழே 1–2 மி.மீ. வெட்டி, உட்சுவரை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்த பிறகுதான் மேலே வெள்ளை ஃபில்லிங் வைக்க வேண்டும். இதைச் செய்வீர்களா என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். எல்லாப் பழியும் மருந்தின் மேல் இல்லை. துளையைச் சின்னதாகப் போட்டு, மூலையில் இருக்கும் செத்த நரம்பையும் ரத்தத்தையும் விட்டுவிட்டாலும் பல் கருக்கும்.

பாதியில் விட்டுவிட்டு மலேசியாவுக்கோ சென்னைக்கோ கிளம்பி, "மீதியைப் பங்குனியில் வந்து பார்த்துக்கலாம்" என்பது இன்னொரு தவறு. தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்குத்தான் தாங்கும். அப்புறம் எச்சில் கசிந்து கிருமி மறுபடி உள்ளே போகும். உள்ளே வைத்த மருந்து மினோசைக்ளின் கலந்த மூன்று ஆன்டிபயாடிக் பசையாக இருந்தால், அதுவே பல்லைக் கறையாக்கும். முன்பல்லுக்கு அதற்குப் பதில் கால்சியம் ஹைட்ராக்சைடு என்ற மருந்து போதுமா என்று முதலிலேயே கேட்டுவிடலாம்.

சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல்லில் அடிபட்ட சின்னப் பிள்ளைகளுக்கு வேர் நுனி இன்னும் மூடாமல் இருக்கலாம். அங்கே எம்டிஏ என்ற சிமென்ட் வைப்பது வழக்கம். அருமையான மருந்துதான். ஆனால் சாம்பல் நிற எம்டிஏ கறை தரும். வெள்ளை எம்டிஏவும் முழுப் பாதுகாப்பு இல்லை; அதில் உள்ள பிஸ்மத் ஆக்சைடு, பல்லைக் கழுவும் சோடியம் ஹைப்போகுளோரைட் பட்டால் கறுக்கும். பிஸ்மத்துக்குப் பதில் சிர்கோனியம் ஆக்சைடு சேர்ந்த பயோடென்டின் போன்றவற்றில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. பிள்ளையின் சிரிப்பு வாழ்நாள் விஷயம், ஆகவே பெற்றோர் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

சரி, ஏற்கெனவே கருத்துவிட்டது என்றால்? உமிக்கரி, பல்பொடி போட்டுத் தேய்க்காதீர்கள். வெற்றிலைக் கறை வெளியே இருப்பது, சுத்தம் செய்தால் போய்விடும். இது உள்ளே இருப்பது. தேய்த்தால் எனாமல்தான் போகும். உடனே கேப் போடவும் ஓட வேண்டாம், அதற்காக நல்ல பல்லைச் சீவ வேண்டிவரும். பல்லுக்குள்ளேயே சோடியம் பெர்போரேட்டைத் தண்ணீரில் குழைத்து வைத்து மூடி, சில நாள் இடைவெளியில் மாற்றும் ப்ளீச் முறை இருக்கிறது. வெள்ளிக் கறை மட்டும் இதற்குச் சுலபமாக மசியாது. வேர் அடைப்பின் மேல் சுமார் 2 மி.மீ. தடுப்பு வைக்காமல் ப்ளீச் செய்யக் கூடாது. அடர்த்தியான ஹைட்ரஜன் பெராக்சைடை வைத்துச் சூடு காட்டும் பழைய முறையும் வேண்டாம்; வேர் கரைந்துபோகும் ஆபத்து உண்டு. ப்ளீச் முடிந்த அன்றே நிரந்தர ஃபில்லிங் கேட்காதீர்கள். உள்ளே தங்கிய ஆக்சிஜன் அதைச் சரியாக ஒட்டவிடாது, ஒன்றிரண்டு வாரம் பொறுக்க வேண்டும்.