ஜிகர்தண்டா கொட்டிய மடிக்கணினியும் துணியைத் தேடும் அவசரமும்

மின்சாதனத்தின் மீது நீரோ தேநீரோ கொட்டிவிட்டால் பெரும்பாலோர் முதலில் துணியைத் தேடி ஓடுகிறார்கள். அதற்கு முன் போக வேண்டிய இடம் சுவிட்ச். பிளக்கோ அதைச் சுற்றியுள்ள தரையோ நனைந்திருந்தால் அருகில் போகாமல், மின்பெட்டியில் அந்த அறைக்குரிய எம்.சி.பி.யை, அதாவது மின்சாரத்தைத் துண்டிக்கும் சிறு சுவிட்சை, இறக்கிவிட வேண்டும். இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் மெயினை அணைத்த பிறகும் சில இணைப்புகளில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால், இன்வெர்ட்டரையும் சேர்த்தே நிறுத்த வேண்டும். மின்தடை நேரத்தில் கொட்டினாலும் இதே எச்சரிக்கை தேவை. மின்சாரம் திரும்பும்போது சாதனம் ஈரமாகவே இருக்கும்.

மடிக்கணினி என்றால், செய்துகொண்டிருந்த வேலையைச் சேமிப்பதற்காகக் காத்திருக்காமல், சார்ஜரைச் சுவரில் அணைத்துக் கழற்றிவிட்டு, பவர் பொத்தானைத் திரை அணையும் வரை அழுத்திப் பிடியுங்கள். பிறகு அதை ஓட்டுக்கூரை போல விரித்து, விசைகள் கீழே பார்க்கும்படி துண்டின் மீது கவிழ்த்து வையுங்கள். கைபேசியை அணைத்து, சிம் தட்டை வெளியே எடுத்துவிட்டால் போதும். உதறினால் நீர் இன்னும் உள்ளே போகும்.

இத்தனை அவசரம் ஏன்? தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். ஆனால் நீரில் கரைந்திருக்கும் உப்புகள் அதைக் கடத்துகின்றன. மதுரையின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புக் கரிப்பதால், இங்கே வெறும் தண்ணீர்தானே என்று அலட்சியமாக இருக்க முடியாது. ஈரத்தோடு மின்னழுத்தமும் சேரும்போது சாதனத்துக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகையின் செம்பு ஒரு முனையில் கரைந்து மறுமுனையில் படிகிறது. ஆகவே, வேலை செய்கிறதா என்று போட்டுப் பார்ப்பதுதான் பெரும்பாலும் சாதனத்தைக் கொல்கிறது.

கொட்டியது என்ன என்பதைப் பொறுத்தே அடுத்த வேலை அமையும். நல்ல தண்ணீர் சிறிதளவு என்றால், மின்விசிறிக் காற்றில் குறைந்தது 48 மணி நேரம் வைத்திருந்து பார்க்கலாம். ஜிகர்தண்டா அப்படியல்ல: பாலும் சர்க்கரையும் நன்னாரி சர்பத்தும் பாதாம் பிசினும் சேர்ந்த அதில் நீர் மட்டுமே ஆவியாகும்; எஞ்சும் பசை காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஜிகர்தண்டா கொட்டிய என் மடிக்கணினி மறுநாளே உயிர்பெற்றது, நிம்மதியாக இருந்துவிட்டேன். சில வாரங்களில் விசைகள் ஒவ்வொன்றாகச் செத்தன. இனிப்போ பாலோ கொட்டியிருந்தால் சாதனத்தைத் திறந்து, மின்கலத்தின் இணைப்பை எடுத்துவிட்டு, 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் பலகையைத் துடைக்க வேண்டும். பழகாதவர்கள் இதைப் பழுது பார்ப்பவரிடமே விட்டுவிடலாம். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் சானிடைசர் இதற்கு உதவாது. அதில் நீரும் பெரும்பாலும் கிளிசரினும் இருக்கும்.

தொலைக்காட்சி ரிமோட்டை நீங்களே காப்பாற்றலாம். பேட்டரிகளை எடுத்து, மூடியைப் பிளந்து, ரப்பர் விசைத்தாளைச் சோப்பு நீரில் கழுவி, பலகையை மட்டும் ஆல்கஹாலால் துடைத்து, இரண்டும் முற்றாக உலர்ந்தபின் மூடுங்கள். ஆல்கஹால் தீப்பற்றும் என்பதால், பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது. தொலைக்காட்சித் திரையின் மீது நேரடியாகத் திரவம் தெளிப்பதையும் நிறுத்துங்கள். அது வழிந்து கீழ் விளிம்பில் உள்ள மின்இணைப்புகளுக்குள் இறங்கும்.

அரிசி மூட்டைக்குள் புதைப்பதால் பயனில்லை. தூசியும் மாவும் துளைகளில் அடைவதுதான் மிச்சம். ஐபோனை அரிசியில் வைக்க வேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. ஹேர் டிரையரும், சித்திரை வெயிலில் மொட்டை மாடியும் லித்தியம் மின்கலத்துக்கு ஆகாதவை. மின்கலம் உப்பியோ சூடேறியோ இருந்தால் சார்ஜ் போடாமல், எரியக்கூடிய பொருள்கள் இல்லாத திறந்த இடத்தில் வையுங்கள். மைக்ரோவேவ் அடுப்பையும் இன்வெர்ட்டரையும் ஒருபோதும் நீங்களாகத் திறக்காதீர்கள். இணைப்பைத் துண்டித்த பிறகும் அவற்றின் மின்தேக்கிகளில் மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும்.

கடைக்குக் கொண்டுபோகும்போது என்ன கொட்டியது, எப்போது, அதன்பின் எத்தனை முறை போட்டுப் பார்த்தீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். பல கைபேசிகளுக்குள் ஈரம் பட்டால் சிவக்கும் சிறு வில்லை ஒட்டப்பட்டிருக்கும்; நீங்கள் மறைத்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும்.