டேப்போட இன்னொரு முனைய அவர் கைல குடுங்க: ஃபிளாட் இன்ஸ்பெக்ஷனுக்கு வர்ற பொண்ணுங்களுக்கு

சைட்டுக்கு போறதுக்கு முந்தின நாளே போன் பண்ணி மூணு விஷயம் கேட்டுக்கோங்க. ஃபிளாட்ல கரண்ட் இருக்கா, தண்ணி வருதா, டாய்லெட் யூஸ் பண்ற நிலைமைல இருக்கா. மூணாவது கேள்விய கேக்க எனக்கு முதல் ரெண்டு வருஷம் கூச்சம், காலைல தண்ணியே குடிக்காம கிளம்பி, அஞ்சாறு மணி நேரம் வெயில்ல படி ஏறி இறங்கி, சாயங்காலம் தலைவலியோட வந்து விழுவேன், கடைசில யூரின் இன்ஃபெக்ஷன் வந்து ஒரு வாரம் படுத்ததுக்கு அப்புறம்தான் கூச்சம் எல்லாம் போச்சு. இப்ப நான் கேக்குற விதமே வேற, "ஃபிளஷ் டெஸ்ட் பண்ணணும் சார், ஒரு பாத்ரூம கழுவி தண்ணி விட்டு வைங்க"ன்னு சொல்லிடுவேன். பொய்யும் இல்ல, ஃபிளஷ் டெஸ்ட் பண்ணத்தான போறோம்.

சென்னைல ஓஎம்ஆர், போரூர், பெரும்பாக்கம் பக்கம் எல்லாம் ஃபிளாட் வாங்குறவங்க சாவி வாங்குறதுக்கு முன்னாடி ஒரு ஆள வச்சு வீட்ட செக் பண்றாங்க, அந்த ஆளா போறதுதான் நம்ம வேலை. இதுக்குன்னு நம்ம ஊர்ல தனி லைசென்ஸ் எல்லாம் கிடையாது, சிவில் டிப்ளமோவோ பிஇயோ முடிச்சு ரெண்டு மூணு வருஷம் சைட்ல நின்னிருந்தா ஆரம்பிக்கலாம். ஆனா ஒண்ணு, நாம கண்ணால பாத்து, தட்டி, அளந்து சொல்றவங்க மட்டும்தான். கட்டடம் நிக்குமா விழுமான்னு சர்டிஃபிகேட் குடுக்குறது பதிவு பண்ண ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வேலை. 2014 ஜூன் 28ல மௌலிவாக்கத்துல 11 மாடி கட்டடம் விழுந்து 61 பேர் செத்தாங்களே, அந்த மாதிரி கட்டட பலம் சம்பந்தப்பட்ட விஷயம் எதுவும் நம்ம ரசமட்டத்துல (குமிழ வச்சு மட்டம் பாக்குற கருவி) தெரியாது. இத கஸ்டமர்கிட்ட முதல் போன்லயே சொல்லிடுங்க, ரிப்போர்ட்டோட முதல் பக்கத்துலயும் எழுதிடுங்க.

"சார் எப்ப வருவாரு?"ன்னு கேப்பாங்க, கண்டிப்பா கேப்பாங்க. செக்யூரிட்டி கேப்பாரு, சூப்பர்வைசர் கேப்பாரு, சில நேரம் காசு குடுத்து நம்மள கூப்பிட்ட கஸ்டமரோட அப்பாவே கேப்பாரு. இதுல வேடிக்கை என்னன்னா எந்த சைட்டுக்கு போனாலும் பொண்ணுங்க இருப்பாங்க, கல்லு மண்ணு சுமக்குற சித்தாள் யாருன்னு பாருங்க, பெரும்பாலும் அக்காங்கதான், முப்பது வருஷம் கலவை கலந்தாலும் அவங்கள யாரும் கொத்தனார் ஆக்குறதில்ல. பொம்பள தலைல சட்டி இருந்தா யாருக்கும் வித்தியாசமா தெரியல, கைல ரசமட்டம் இருந்தாத்தான் தெரியுது. 1940கள்ல கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல லலிதா, திரேசியா, லீலாம்மான்னு மூணு பேர் முதல் முதலா படிச்சு முடிச்சப்ப சர்டிஃபிகேட்ல ஆம்பளைக்குன்னு அச்சடிச்சு வச்சிருந்த 'ஹீ'ய அடிச்சுட்டு 'ஷீ'ன்னு எழுதித்தான் குடுத்தாங்களாம். அதுல திரேசியா 1971ல கேரளா பொதுப்பணித்துறைக்கே சீஃப் இன்ஜினியர் ஆனாங்க. சரி அது இருக்கட்டும், "நான்தான் இன்ஸ்பெக்டர்"னு ஒரு தடவ சிரிச்ச முகமா சொல்லிட்டு வேலைய ஆரம்பிச்சுடுங்க, அதுக்கு மேல அந்த கேள்விக்கு நேரம் குடுக்காதீங்க.

பைல என்ன வச்சுக்கணும்

5 மீட்டர் டேப், லேசர் மீட்டர், ரசமட்டம், டைல்ஸ் தட்ட ஒரு கம்பி, மூணு லைட் எரியுற சாக்கெட் டெஸ்டர், ஈரம் பாக்குற மீட்டர், நல்ல டார்ச், பெயிண்டர் ஒட்டுற டேப், தண்ணி ஊத்த ஒரு மக், பாக்கெட்ல ஒரு கோலிக்குண்டு. அப்புறம் ஹேண்ட்பேக் கண்ணாடி. அத எடுத்தா பக்கத்துல நிக்கிறவங்க லேசா சிரிப்பாங்க, மேக்கப் பண்ணப் போறேன்னு நினைச்சு. கதவுக்கு மேல அத பிடிச்சு பாருங்க, கதவோட மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் பெயிண்டே படாம பச்சை மரமா இருக்கும், யாரும் பாக்க மாட்டாங்கன்னு விட்டுடுவாங்க, ஐப்பசி கார்த்திகை மழைல அந்த வழியாத்தான் ஈரம் ஏறி கதவு உப்பி சாத்த முடியாம போகும். வாஷ்பேசினுக்கு அடில பைப் ஜாயின்ட் பாக்கவும் அதே கண்ணாடிதான்.

துப்பட்டா வேணாம், கம்பில மாட்டும். சடைய கீழ கொண்டை போட்டாத்தான் ஹெல்மெட் உக்காரும். சேஃப்டி ஷூ நம்ம கால் சைசுல லேசுல கிடைக்காது, தேடி வாங்குங்க, ரெண்டு சாக்ஸ் போட்டு பெரிய ஷூவ இழுத்துட்டு நடந்தா படில தடுக்கி விழுவீங்க, நான் விழுந்திருக்கேன்.

வாதாடாதீங்க, அளக்க வைங்க

இந்த வேலைல நான் கத்துக்கிட்ட ஒரே தந்திரம் இதுதான். ஆரம்பத்துல "இந்த சுவர் நேரா இல்ல"ன்னு சொல்லுவேன், "எல்லாம் நேராத்தான் இருக்கு மேடம், இருபது வருஷமா வேலை பாக்குறோம்"னு பதில் வரும், நான் குரல உயர்த்துவேன், அவர் இன்னும் உயர்த்துவாரு, கடைசில "பொம்பளைங்ககிட்ட பேச முடியாது"ன்னு முடியும். இப்ப நான் எதையுமே சொல்றதில்ல. டேப்போட ஒரு முனைய சூப்பர்வைசர் கைல குடுத்து "அண்ணே கொஞ்சம் அந்த மூலைல பிடிங்க, எவ்ளோன்னு நீங்களே படிங்க"ன்னு கேப்பேன். அந்தப் பக்கம் 3 மீட்டர் 20, இந்தப் பக்கம் 3 மீட்டர் 16ன்னு அவர் வாயாலயே வந்துடும், நான் எழுதிக்குவேன். ரசமட்டத்த வச்சுட்டு "குமிழ் எங்க நிக்குது அண்ணே"ன்னு கேப்பேன். தானே படிச்ச நம்பர யாரும் மறுக்க மாட்டாங்க, பாதி பேரு அதுக்கப்புறம் அவங்களாவே "மேடம் அந்த பால்கனி கதவையும் பாத்துடுங்க, அது கொஞ்சம் தகராறு"ன்னு காட்டிக் குடுப்பாங்க. அவங்களும் மேல இருக்குற ஆள் குடுத்த நெருக்கடில வேலை பாக்குறவங்கதான, நம்ம ரிப்போர்ட்ட வச்சுத்தான் சரி பண்ண ஆளும் காசும் கேக்க முடியும்னு சில பேருக்கு நல்லாவே தெரியும்.

எப்படி பாக்குறது

உள்ள போனதும் முதல் வேலை பாத்ரூம் டிரெயின துணி வச்சு அடைச்சு தண்ணி தேக்குறது. ஒழுங்கா பண்ணணும்னா 24 மணி நேரம் நிக்கணும், அதனால முடிஞ்சா முந்தின நாளே தேக்க சொல்லிட்டு மறுநாள் கீழ் வீட்டு சீலிங்க போயி பாருங்க, நம்ம வீட்டு பாத்ரூம் லட்சணம் கீழ் வீட்லதான் தெரியும். அதுக்கப்புறம் தண்ணிய வடிய விட்டு பத்து நிமிஷம் கழிச்சு எந்த மூலைல தேங்கி நிக்குதுன்னு பாருங்க. பால்கனில வாட்டம் பாக்கத்தான் கோலிக்குண்டு, டிரெயின் பக்கம் உருளாம ஹால் பக்கம் உருண்டு வந்தா மழைக்கு சோபா நனையும்.

சுவர நேரா நின்னு பாத்தா ஒண்ணும் தெரியாது, டார்ச்ச சுவரோட ஒட்டி சாய்ச்சு அடிங்க, மேடு பள்ளம் எல்லாம் நிழல் விழுந்து காட்டிக் குடுத்துடும். டைல்ஸ தட்டிக்கிட்டே போங்க, கெட்டியான சத்தத்துக்கு நடுவுல உள்ள காலியா இருக்குற மாதிரி சத்தம் வந்தா அடில கலவை பிடிக்கல, டேப் ஒட்டி போட்டோ எடுங்க.

விரிசல்தான் கஸ்டமர் ரொம்ப பயப்படுறது, அதுல நிதானமா இருங்க. பூச்சுல வலை மாதிரி மயிரிழை விரிசல் வெறும் பெயிண்ட் வேலை. பில்லரும் செங்கல் சுவரும் சேர்ற இடத்துல நேர்கோடா வந்தா பெரும்பாலும் சிக்கன் மெஷ் (மெல்லிசு கம்பி வலை) போடாம பூசியிருப்பாங்க, அந்தக் கோட்ட வெட்டி மெஷ் வச்சு திரும்ப பூசணும், பட்டி பாத்து மறைச்சா ஆறு மாசத்துல திரும்ப வரும். ஆனா பீம்லயோ ஸ்லாப் அடிலயோ விரிசல் இருந்து, அதுகூட துருக்கறையும் இறங்கியிருந்தா அது நம்ம எல்லைய தாண்டின விஷயம், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர கூப்பிட சொல்லுங்க. அகலம் பாக்க ஈசியான வழி, ஏடிஎம் கார்டு முக்கால் மில்லிமீட்டர் தடிமன், சாதா விசிட்டிங் கார்டு சுமாரா அதுல பாதிக்கும் கீழ. கான்கிரீட்டுக்கான இந்திய தர விதி ஐஎஸ் 456, விரிசல் அகலம் பொதுவா 0.3 மில்லிமீட்டர தாண்டக் கூடாதுன்னு சொல்லுது, அதனால கான்கிரீட் விரிசல்ல ஏடிஎம் கார்டே நுழைஞ்சா யோசிக்காம ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர கூப்பிட சொல்லுங்க.

ஈரம் பாக்குற மீட்டர்ல நிறைய பேரு ஏமாறுவாங்க. ஊசி வச்ச மீட்டர்ல வர்ற சதவீதம் மரத்துக்கான கணக்கு, பூச்சு சுவருக்கு அந்த நம்பர அப்படியே எழுதினா பில்டர் பக்க இன்ஜினியர் ஒரு நிமிஷத்துல உங்கள உக்கார வச்சுடுவாரு. அதே ரூம்ல காஞ்ச சுவர்ல ஒரு ரீடிங், சந்தேகப்படுற இடத்துல ஒரு ரீடிங் எடுத்து ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதுங்க, வித்தியாசம்தான் பேசும். தெர்மல் கேமரா வாடகைக்கு எடுத்தாலும் இதே கதைதான், அது காட்டுறது தண்ணி இல்ல, சூட்டு வித்தியாசம்.

கரண்ட் பக்கம் பொறுமையா பாருங்க, எல்லா சாக்கெட்லயும் டெஸ்டர் சொருகுங்க, "பத்து பாத்தா போதும் மேடம்"னு சொல்லுவாங்க, எர்த் இல்லாத பதினோராவது சாக்கெட்தான் கிச்சன்ல மிக்சிக்கு பக்கத்துல இருக்கும். டிபி பாக்ஸ்ல (வீட்டு சுவிட்ச் எல்லாம் சேர்ற மெயின் பெட்டி) ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகுற சுவிட்ச் இருக்கா, 30 மில்லி ஆம்ப்தானா, டெஸ்ட் பட்டன அமுக்கினா ட்ரிப் ஆகுதா. கிச்சன் பத்தி இன்னொண்ணு, "லேடீஸ் பாத்தா கிச்சன் நல்லா பாப்பாங்க"ன்னு பாராட்டுறாங்களாம், எனக்கு பத்திக்கிட்டு வரும், அதே கண்ணாலதான்யா டிபி பாக்ஸையும் பாக்குறேன்.

ரூம் அளக்குறப்ப கார்ப்பெட் ஏரியா கணக்கு ஞாபகம் வச்சுக்கோங்க, ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டப்படி உள் தடுப்பு சுவர் அதுல சேரும், வெளிச்சுவரும் பைப் போற டக்ட்டும் பால்கனியும் சேராது. அக்ரிமென்ட்ல இருக்குற நம்பரோட ஒப்பிட்டு வித்தியாசத்த மட்டும் எழுதுங்க, ஏமாத்திட்டாங்கன்னு எழுதாதீங்க.

சித்தாள் அக்காங்க

மதியம் அவங்க சாப்பிடுற இடத்துல கொஞ்ச நேரம் உக்காருங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன், அவங்களாவே "எம்மா நீ அந்த சின்ன பாத்ரூம்ல நல்லா பாரு, ரெண்டு வாட்டி உடைச்சு ஒட்டினாங்க"ம்பாங்க. ஆம்பள இன்ஸ்பெக்டருக்கு இந்த தகவல் வராது. ஆனா அக்கா சொன்னாங்கன்னு யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க, அவங்க கூலி போயிடும். நேரா அங்க போயி நின்னாலும் சந்தேகம் வரும், வரிசையா பாத்துக்கிட்டே போயி அந்த பாத்ரூம்ல மட்டும் கூடுதலா அரை மணி நேரம் செலவு பண்ணுங்க, ரிப்போர்ட்ல நீங்க அளந்தது மட்டும் இருக்கட்டும்.

பாதுகாப்பு

ஆளில்லாத டவர்ல பதினாலாவது மாடி, கூட ஒரே ஒரு தெரியாத ஆள், இதுதான் நம்ம ஆபீஸ். கஸ்டமர் வீட்ல இருந்து ஒருத்தர் கண்டிப்பா கூட வரணும்னு கண்டிஷனா வைங்க. லைவ் லொகேஷன் வீட்டுக்கு அனுப்பிட்டு போங்க, மெயின் கதவுக்கு கீழ கட்டைய வச்சு திறந்தே வைங்க, சாமான் ஏத்துற லிஃப்ட்ல ஏறாதீங்க. சனிக்கிழமை சாயங்காலம் கூலி பட்டுவாடா, சைட்டோட முகமே மாறிடும், அன்னைக்கு மதியத்தோட முடிச்சுக்கோங்க.

யாராச்சும் எல்லை மீறினா சகிச்சுக்கிட்டு வராதீங்க. வேலை இடத்துல பாலியல் தொல்லைய தடுக்குற 2013 சட்டப்படி பாதிக்கப்பட்ட பொண்ணு அந்த கம்பெனில சம்பளம் வாங்கணும்னு அவசியமே இல்ல, பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற இடத்துல உள் புகார் கமிட்டி இருக்கணும், இல்லன்னா மாவட்டத்துல லோக்கல் கமிட்டி இருக்கு, மூணு மாசத்துக்குள்ள புகார எழுத்துல குடுக்கணும். எங்கிட்ட ஒரு சைட்ல ஒருத்தர் அசிங்கமா பேசினப்ப இது எதுவும் தெரியாம அந்த வேலையவே விட்டுட்டு வந்தேன், அட்வான்ஸையும் திருப்பிக் குடுத்தேன், இப்ப நினைச்சாலும் அந்த அட்வான்ஸ நினைச்சு எரியுது.

ரிப்போர்ட்டும் காசும்

"வேலை சரியில்ல"ன்னு எழுதினா அது சண்டை. "மாஸ்டர் பெட்ரூம், மேற்கு சுவர், தரைலேருந்து 40 சென்டிமீட்டர் உயரம் வரைக்கும் உப்பு பூத்திருக்கு, போட்டோ 17"ன்னு எழுதினா அது வேலை. கஸ்டமர் அத அப்படியே பில்டருக்கு மெயில் பண்ணட்டும், தேதியோட இருக்கணும், ஏன்னா ரெரா 14(3) பிரிவுல சாவி குடுத்த நாள்லேருந்து 5 வருஷத்துக்குள்ள குறைய தெரியப்படுத்தினா 30 நாள்ல இலவசமா சரி பண்ணிக் குடுக்கணும்னு இருக்கு, தெரியப்படுத்தினதுக்கு ஆதாரம் வேணும்ல.

ஃபீஸ்ல குறைக்காதீங்க. "லேடீஸ்தான, கொஞ்சம் பாத்து போட்டுக்கோங்க"ன்னு ஒரு பேரம் வரும், அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்கு இன்னும் புரியல. பாதி முன்பணம், மீதி ரிப்போர்ட் குடுக்குறப்ப, சரி பண்ணதுக்கு அப்புறம் திரும்ப வந்து பாக்க தனி ரேட். வாட்டர்ப்ரூஃபிங் ஆள், இன்டீரியர் ஆள் யாராச்சும் கமிஷன் தர்றேன்னு வந்தா வாங்காதீங்க, ஒரு தடவ வாங்கினாலும் நீங்க சொல்ற ஈரமெல்லாம் அவருக்காக சொல்ற ஈரமா ஆயிடும்.

முதல் அஞ்சு வீடு காசு வாங்காம சொந்தக்காரங்க வீட்ல பழகுங்க, சித்தப்பா வீடு, ஃபிரண்ட் வீடு எதுன்னாலும் சரி, முழு ரிப்போர்ட் எழுதிப் பாருங்க. அதுக்கும் முன்னாடி நீங்க இருக்குற வீட்டையே பாருங்க, வாடகை வீடா இருந்தா என்ன, டெஸ்டர் வாங்கின அன்னைக்கே கீசர் சாக்கெட்ல சொருகிப் பாருங்க. நான் வாங்கின அன்னைக்கு எங்க வீட்லயே எர்த் இல்ல.