நெல் ஏற்றிய டிரெய்லர்: பாரம் எங்கே உட்கார வேண்டும்?

சம்பா அறுப்பு சூடுபிடித்துவிட்டால் தஞ்சாவூர், திருவாரூர் சாலைகளில் நெல் டிராக்டர்தான் ராஜா. ஏற்றும்போது எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இன்னும் எத்தனை மூட்டை ஏறும்? அந்த மூட்டை டிரெய்லரில் எந்த இடத்தில் உட்காருகிறது என்று கேட்பவரைக் காண்பது அரிது. வண்டி ஆடுவதும் முன்சக்கரம் தூக்குவதும் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

மாட்டுவண்டி ஓட்டிய பெரியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முன்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் கூடினால் நுகம் மேலே தூக்கி, பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். இரண்டு சக்கர டிரெய்லருக்கும் அதே கணக்குதான், மாடு இருந்த இடத்தில் டிராக்டரின் கொக்கி.

அதிகம் நடக்கிற தவறு பின்பாரம். பின்கதவைத் திறந்து ஏற்றுகிறோம், கைக்கு எட்டும் இடத்திலேயே மூட்டை குவிந்துவிடுகிறது. கொக்கியிலிருந்து அச்சு 3 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சுக்குப் பின்னால் 1.5 மீட்டரில் 40 கிலோ சிப்பம் பத்து போட்டால், அந்த 400 கிலோ கொக்கியை 200 கிலோ அளவுக்கு மேலே தூக்கும். அச்சின் மேல் 600 கிலோவாக இறங்கும். டிராக்டரின் பின்டயருக்குப் பிடிமானம் குறையும், டிரெய்லர் பாம்பு மாதிரி வளையத் தொடங்கும். அப்படி ஆடும்போது பிரேக்கை ஓங்கி மிதிப்பதும் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டுவதும் ஆட்டத்தைக் கூட்டும். ஆக்ஸிலேட்டரை மெல்ல விட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருப்பதே சரி.

அதற்குப் பயந்து எல்லாவற்றையும் முன்னால் அடுக்குவது அடுத்த தவறு. கொக்கி அமுங்கினால் டிராக்டரின் முன்சக்கரம் இலேசாகும், திருப்பினாலும் திரும்பாது. நம் பக்கம் சமவெளிதானே என்று நினைக்க வேண்டாம். வெண்ணாற்றங்கரையிலோ கல்லணைக் கால்வாய்க் கரையிலோ வயல் தடத்திலிருந்து சாலைக்கு ஏறும் குட்டி ஏற்றம் போதும், முன்பக்கம் எழும்பிவிடும். டிரெய்லரை டாப் லிங்கில், அதாவது டிராக்டரின் பின்னால் கலப்பையைப் பிடிக்கும் மேல்கம்பியில், மாட்டி இழுப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். இழுக்கும் புள்ளி மேலே போகப் போக டிராக்டர் பின்னால் மல்லாக்க விழும். பின்னால் தாழ இருக்கும் இழுவைக் கம்பியான ட்ராபாரில்தான் மாட்ட வேண்டும்.

அப்படியானால் எவ்வளவு முன்பாரம்? பிரிட்டனில் காரின் பின்னால் இழுக்கும் கேரவனுக்கு, அதன் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் கொக்கியில் இருக்கட்டும் என்பார்கள். டிராக்டர் டிரெய்லருக்கு இந்த எண்ணை அப்படியே எடுக்க முடியாது, தயாரிப்பாளர் தரும் வரம்பைப் பாருங்கள். உங்கள் வண்டியில் எவ்வளவு என்று தெரிய எடைமேடை போதும். டிரெய்லரைக் கழற்றி, முன்தாங்கியோடு முழுதாக மேடையில் நிறுத்தி ஒரு எடை. பிறகு டிராக்டரில் மாட்டி, டிரெய்லர் சக்கரம் மட்டும் மேடையில் இருக்க இன்னொரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கொக்கியில் இருக்கும் பாரம்.

மூட்டையை எண்ணி எடை போடுவதும் ஏமாற்றும். கொள்முதல் நிலையத்துச் சிப்பம் 40 கிலோ, வியாபாரிக்குக் கட்டும் மூட்டை பல ஊர்களில் 60 கிலோவைத் தாண்டும். குறுவையில் மழையில் நனைந்த நெல் இன்னும் கனக்கும். அளவுக்கு மேல் ஏற்றிப் பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவில் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாய் வேறு.

இரண்டு வீட்டு நெல்லை ஒரே டிரெய்லரில் ஏற்றுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுவார்கள். முதல் வீட்டு மூட்டை முன்னால் இருந்து அதை இறக்கிவிட்டால், மிச்சம் முழுக்கப் பின்பாரம். பாதி இறங்கியதும் மறுபடி அடுக்க வேண்டும், சோம்பல் பார்க்கக் கூடாது. ஏற்றும்போதும் இறக்கும்போதும் டிராக்டரைக் கழற்றிக்கொண்டு போகாதீர்கள்; வால் அமுங்கி மூக்கு எழுந்தால் அருகில் நிற்பவருக்குத் தப்பிக்க நேரம் கிடைக்காது.

வைக்கோல் வேறு விதம். எடை குறைவு, உயரம் அதிகம். சரிவில் ஒரு சக்கரம் இறங்கினாலே சாய்ந்துவிடும். வயலின் குறுக்கே தாழத் தொங்கும் மின்கம்பி உரசினால் கட்டு மொத்தமும் எரியும், ஆகவே ஏற்றும் முன்பே வழியைப் பார்த்து வைப்பது உசிதம்.

அப்புறம், பெடல். உழவில் ஒருபக்கம் மட்டும் பிரேக் பிடிக்க இடது, வலது பெடலைப் பிரித்து விட்டிருப்போம். அதைப் பூட்டாமல் சாலைக்கு வந்து மிதித்தால் டிராக்டர் ஒரு பக்கம் இழுக்கும், பின்னாலிருக்கும் நெல் நேராகத் தள்ளும், இரண்டும் மடங்கிக்கொள்ளும். பல டிரெய்லரில் தனி பிரேக்கே கிடையாது என்பதால் முழுப் பாரத்தையும் டிராக்டர்தான் நிறுத்தியாக வேண்டும். வயலைவிட்டு ஏறியதும் முதல் வேலை அந்தப் பெடல் பூட்டு. கூடவே கொக்கிப் பின்னில் கம்பித் துண்டுக்குப் பதில் சரியான பூட்டு கிளிப் இருக்கிறதா என்று ஒரு பார்வை.