கார்பன் இருந்தாலே கரிமச் சேர்மமா?

வேதியியலில் சேர்மங்களைப் பிரிக்கும் கரிமம் (ஆர்கானிக்), கனிமம் (இனார்கானிக்) என்ற இரண்டு சொற்களுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். தேர்வு அவசரத்தில் பலர் மாற்றி எழுதிவிடுகிறார்கள். கரி என்றால் கார்பன், கனிமம் என்றால் மண்ணுக்கடியிலிருந்து வெட்டி எடுப்பது என்று சொல்லின் வேரைப் பிடித்துக்கொண்டால் இந்தக் குழப்பம் தீரும். ஆனால் அதே வேர்தான் அடுத்த தவறுக்கும் இழுத்துச் செல்கிறது. கார்பன் இருந்தால் கரிமச் சேர்மம் என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

நாம் வெளிவிடும் மூச்சில் உள்ள கார்பன் டை ஆக்சைடு, சுண்ணாம்புக்கல்லில் உள்ள கால்சியம் கார்பனேட், சமையல் சோடா, பொட்டாசியம் சயனைடு, கால்சியம் கார்பைடு எல்லாவற்றிலும் கார்பன் உண்டு. ஆனாலும் இவை கனிமச் சேர்மங்களாகவே எண்ணப்படுகின்றன. வைரமும் கிராஃபைட்டும் இந்தக் கணக்கிலேயே வராது. அவை தனிமத்தின் வடிவங்கள், சேர்மங்கள் அல்ல.

சரி, கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு இருந்தால்தான் கரிமச் சேர்மம் என்று வைத்துக்கொள்ளலாமா? பெரும்பாலும் பொருந்தும், ஆனால் முழுவதும் பொருந்தாது. மீத்தேனின் நான்கு ஹைட்ரஜன்களுக்கும் பதிலாகக் குளோரின் அமர்ந்தால் கார்பன் டெட்ராகுளோரைடு. அதில் ஹைட்ரஜனே இல்லை, இருந்தும் அது கரிமச் சேர்மம்தான். யூரியாவில் ஹைட்ரஜன் இருக்கிறது, ஆனால் எல்லாம் நைட்ரஜனோடுதான் பிணைந்திருக்கிறது. இருந்தும் அதுவும் கரிமச் சேர்மம்தான்.

யூரியாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். உயிருள்ளவற்றிலிருந்து மட்டுமே கரிமச் சேர்மங்கள் கிடைக்கும், அதற்கு ஏதோ ஓர் உயிர்விசை தேவை என்று 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பலர் நம்பினார்கள். 1828இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஃபிரெடரிக் வோலர், அம்மோனியம் சயனேட் என்ற கனிம உப்பைத் தயாரிக்க முயன்றபோது அவருக்குக் கிடைத்தது சிறுநீரில் இருக்கும் அதே யூரியா. இரண்டிலும் அணுக்களின் எண்ணிக்கை அச்சு அசலாக ஒன்றே. அடுக்கப்பட்ட விதம்தான் வேறு. எனக்கு இது வேதியியலின் மிக அழகான தருணங்களில் ஒன்று. ‘கரிமச் சேர்மம் உயிரிலிருந்து வருவது’ என்று இன்றும் விடைத்தாளில் எழுதுவது, கிட்டத்தட்ட 200 ஆண்டுகளுக்கு முன்பே ஆட்டம் கண்ட கருத்தை எழுதுவதாகும்.

கடைகளில் சொல்லும் ‘ஆர்கானிக்’ வேறு, வேதியியல் சொல்லும் ‘ஆர்கானிக்’ வேறு. யூரியா கரிமச் சேர்மம், ஆனால் ஆலையில் தயாரித்த யூரியாவை இயற்கை வேளாண்மை ஏற்பதில்லை. கரிமம் என்பதால் பாதுகாப்பானது என்றும் நினைக்க வேண்டாம். மெத்தனால் கண்பார்வையைப் பறிக்கும், உயிரையும் குடிக்கும்.

அப்புறம், கரிம, கனிமச் சேர்மங்களை ஒப்பிடும் பாடப்புத்தக அட்டவணை. பெரும்பாலும் கனிமத்தின் பக்கம் சோடியம் குளோரைடு (சமையல் உப்பு), கரிமத்தின் பக்கம் நாப்தலீன். முன்னது 801 டிகிரி செல்சியஸில் உருகும், பின்னது 80 டிகிரியிலேயே. உண்மைதான். ஆனால் அந்த வேறுபாட்டுக்குக் காரணம் அயனிப் பிணைப்பும் (மின்னேற்றம் கொண்ட அயனிகள் ஒன்றையொன்று ஈர்த்து இணைவது) சகப்பிணைப்பும் (அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்து இணைவது). கனிமம் என்றாலே அயனிச் சேர்மம் என்று நினைப்பதில்தான் சறுக்குகிறோம். தண்ணீரும் அம்மோனியாவும் கனிமச் சேர்மங்களே, ஆனால் சகப்பிணைப்பு கொண்டவை. அம்மோனியா சாதாரண வெப்பநிலையில் வாயு. கரிமச் சேர்மம் நீரில் கரையாது என்றால் சர்க்கரையும் எத்தனாலும் எப்படிக் கரைகின்றன? கனிமம் கரையும் என்றால் சில்வர் குளோரைடு ஏன் வீழ்படிவாகிறது? கரிமம் எரியும் என்கிறோம், கார்பன் டெட்ராகுளோரைடையோ ஒரு காலத்தில் தீயணைக்கவே பயன்படுத்தினார்கள். மின்கடத்தலிலும் கவனம் வேண்டும்: திட சோடியம் குளோரைடு மின்சாரத்தைக் கடத்தாது. உருகினாலோ நீரில் கரைந்தாலோதான் கடத்தும். விடை எழுதும்போது ‘பொதுவாக’, ‘பெரும்பாலும்’ என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள்.

எல்லாச் சேர்மங்களையும் இரண்டில் ஒரு பக்கம் தள்ளிவிட முடியும் என்றும் எண்ண வேண்டாம். 1951இல் அறிவிக்கப்பட்ட ஃபெரோசீன் என்ற சேர்மத்தில், கார்பன் வளையங்கள் இரண்டுக்கு நடுவே ஓர் இரும்பு அணு உட்கார்ந்திருக்கிறது. இத்தகையவற்றுக்குக் கரிம உலோகச் சேர்மங்கள் என்று தனிப் பிரிவே உண்டு.